ஏன் வரவில்லை என்று கேட்காத இடம்

அந்தத் தையல்கூடத்தில் முதலாளி என்று யாரும் கிடையாது. அதனாலேயே அதை ஆரம்பித்தவளுக்கு 'முதலாளி' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. "முதலாளி, இன்னைக்குக் கூட்டுற முறை உங்களுது. துடைப்பம் கதவுக்குப் பின்னாடி இருக்கு" என்று யாராவது சத்தம் போடுவார்கள். முதலாளியும் மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, மெஷின்களுக்கு அடியில் குனிந்து நூல் பிசிறுகளைக் கூட்டி அள்ளுவாள். துணி வெட்டுகிறவள், தைக்கிறவள், பிசிறு நறுக்குகிறவள் எல்லாருக்கும் லாபத்தில் ஒரே பங்கு. இதைக் கேட்டதும் சிலர் கைதட்டுவார்கள், சிலர் இவளுக்கு மூளை கலங்கிவிட்டது என்பார்கள். இரண்டு சாராருமே திரும்பி ஒரு பார்வை பார்க்காமல் போனதில்லை.

டயர் கடைக்கு மேல்மாடியில் நீளமான ஒரே அறை. ஒரு பக்கம் முழுக்க ஜன்னல்கள், அதை ஒட்டி வரிசையாக மெஷின்கள், நடுவில் கட்டிங் மேசை, கடைசியில் இஸ்திரிப் பலகை. கைக்குழந்தைகளைப் படுக்க வைக்க ஒரு மூலையில் பாய் விரித்திருக்கும். பள்ளிக்கூடச் சீருடை, ஹோட்டல் சீருடை, கடைச் சிப்பந்திகளுக்கான சட்டை என்று வேலைக்குக் குறைவில்லை. ஒரு தடவை பெரிய கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, ராத்திரியும் உட்கார்ந்து தைத்துக் கொடுத்தால் வருஷம் முழுக்க ஆர்டர் தருகிறேன் என்றார். பிள்ளைகுட்டிகளை விட்டுவிட்டு ராத்திரி உட்கார முடியாது என்று எல்லாருமாகக் கூடிப் பேசிக் கையை விரித்துவிட்டார்கள். "பிழைக்கத் தெரியாத ஜென்மங்கள்" என்று அவர் படியிறங்கியபடி சொன்னது டயர் கடை வரைக்கும் கேட்டது. அப்புறம் யார் நூல் பாபினைக் கீழே போட்டாலும், டீயைக் கொட்டினாலும், "பிழைக்கத் தெரியாத ஜென்மம்" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

இவை எல்லாவற்றையும்விட முதலாளி தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடிய சட்டம் ஒன்று இருந்தது. ஒருத்தி வேலைக்கு வரவில்லையென்றால் ஏன் வரவில்லை என்று கேட்கக் கூடாது. போன் போட்டு விசாரிக்கக் கூடாது. அவள் திரும்பி வந்த பிறகும் தோண்டித் துருவக் கூடாது. காலை டீ வரும்வரை பார்ப்பார்கள். அதற்குள் வரவில்லையென்றால் பக்கத்தில் இருப்பவள் எழுந்துபோய் ஒரு வெள்ளைத் துணியை எடுத்து அவளுடைய மெஷின்மேல் போர்த்துவாள். அவள் பங்கு வேலையை மற்றவர்கள் பிரித்து எடுத்துக்கொள்வார்கள். வந்ததும் அவளே துணியை எடுத்து மடித்து வைத்துவிட்டு வேலையைப் பார்ப்பாள்.

சும்மா ஒன்றும் முதலாளி இந்தச் சட்டத்தைக் கொண்டுவரவில்லை. அவள் முன்பு வேலை பார்த்த தொழிற்சாலையில், லீவு வேண்டுமென்றால் மேலாளர் மேசை முன்னால் வரிசையில் நின்று, எல்லார் காதிலும் விழும்படி காரணம் சொல்ல வேண்டும். அவளுக்குக் கரு கலைந்த மறுநாள் அந்த வரிசையில் போய் நின்றாள். வயிற்று வலி என்றாள். "எந்த வயித்து வலி? மாசாமாசம் வர்றதா, வேற ஏதாவதா?" என்று கேட்டார் அவர். பின்னால் நின்ற ஆண்கள் களுக்கென்று சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் உண்மையைச் சொன்னாள். சொன்னதற்கு அரை நாள் லீவு கிடைத்தது. பிள்ளை போனதைவிட, அதை அந்த ஆள்களுக்கு முன்னால் வாய் திறந்து சொல்ல வேண்டி வந்ததுதான் அவளை வருஷக்கணக்கில் அரித்தது. நமக்கென்று ஒரு இடம் அமைந்தால் அங்கே எந்தப் பெண்ணும் அந்த மாதிரி நிற்கக் கூடாது என்று அன்றைக்கே அவள் மனசில் விழுந்துவிட்டது.

சட்டத்தைப் பற்றிப் பேசக் கூடியபோது ஒன்றிரண்டு பேர் இழுத்தார்கள். சும்மா லீவு போட்டு ஏமாற்றினால் என்ன செய்வது என்றார்கள். அப்போது எழுந்து நின்றவள் காஜா. சட்டைக்குப் பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினில் உட்காருவதால் அவளுக்கு அந்தப் பெயர். ஒடிசலான உடம்பு, ஊசி மாதிரி வாய். சேர்ந்து அப்போது ஒரு வாரம்கூட ஆகவில்லை.

"ஏமாத்தினா ஏமாத்திட்டுப் போறா. வீட்ல எங்க போன, யாரைப் பார்த்த, ஏன் லேட்டுன்னு வக்கீல் மாதிரி கேக்கறாங்க. இங்கயாவது ஒருத்தி பதில் சொல்லாம கொஞ்சம் மூச்சு விடட்டுமே."

சட்டம் நிலைத்துவிட்டது. காஜாவும் நிலைத்துவிட்டாள். அவள் வாயைத் திறந்தால் கூடம் குலுங்கும். கம்பெனிக்காரர் படியிறங்கியதை அவள் நடித்துக் காட்டினால் கைக்குழந்தைகள்கூடச் சிரிக்கும். ஊரில் இருக்கிற எல்லாரையும் கிண்டல் செய்கிற அவள் தன்னைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாள். புருஷன் இருக்கிறான், அவன் ஒரு மாதிரி என்பதை மட்டும் அவர்களாகவே ஊகித்து வைத்திருந்தார்கள். அதைத் தாண்டி யாரும் மூக்கை நுழைக்கவில்லை. அதுதான் மரியாதை என்று நினைத்தார்கள், அதில் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு நாள் காஜா வரவில்லை. டீ வந்தது. இஸ்திரி போடுகிற அக்கா எழுந்துபோய் காஜா மெஷினைப் போர்த்தினாள். காஜாவுக்கு நெருக்கம் என்று யாரையாவது சொல்ல வேண்டுமானால் இந்த இஸ்திரி அக்காவைத்தான் சொல்ல வேண்டும். மத்தியானம் இருவரும் ஒரே டப்பாவில்தான் சாப்பிடுவார்கள். மறுநாளும் துணி போர்த்தியபடியே இருந்தது. அதற்கு மறுநாள் டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் நின்றாள் இஸ்திரி அக்கா.

"முதலாளி, அவ இத்தனை நாள் போட மாட்டாளே. ஒரே ஒரு போன் அடிச்சுப் பார்க்கட்டுமா?"

போனைக் கையில் எடுத்தே விட்டாள். முதலாளி கட்டிங் மேசையிலிருந்து நிமிர்ந்தாள்.

"போனை உள்ள வைங்கக்கா. இன்னைக்கு அவளுக்கு அடிப்போம், நாளைக்கு இன்னொருத்திக்கு அடிப்போம். அப்புறம் நமக்கும் அந்த ஃபேக்டரிக்கும் என்ன வித்தியாசம்?"

"விசாரிக்கறதுக்கு இல்ல. மனசு ஒரு மாதிரி இருக்கு."

"உங்க மனசு சமாதானம் ஆகறதுக்கு அவ பதில் சொல்லணுமா? வரும்போது வருவா."

இஸ்திரி அக்கா போனை உள்ளே வைத்தாள். முதலாளி சொன்னதில் நியாயம் இருந்தது. இன்றைக்கு நினைத்துப் பார்த்தாலும் அதில் நியாயம் இருக்கிறது, அதுதான் வயிற்றெரிச்சல்.

அன்றைக்கு மத்தியானம் ஒரு கல்லூரியிலிருந்து மாணவிகள் வந்தார்கள். லாபம் ஒன்றையே குறியாக வைக்காமல் பெண்கள் நடத்துகிற தொழிலை நேரில் பார்த்துப் படிக்க வேண்டுமாம். அழைத்து வந்த பேராசிரியை எல்லாவற்றையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தாள். முதலாளிக்கு இதெல்லாம் பழக்கம்தான். பங்கு பிரிப்பதைச் சொன்னாள், ராத்திரி வேலையை மறுத்த கதையைச் சொன்னாள், அவர்கள் சிரித்தார்கள். கடைசியாக வெள்ளைத் துணி போர்த்திய மெஷின் பக்கம் கையை நீட்டினாள்.

"பாருங்க, இவங்க சில நாளா வரல. ஏன்னு எங்களுக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் மாட்டோம். ஒரு பொண்ணோட வாழ்க்கை அவளோடது. நாங்க அவளை நம்பறோம், அவ்வளவுதான்."

மாணவிகள் கைதட்டினார்கள். ஒருத்திக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது. முதலாளிக்கு உள்ளுக்குள் ஒரு பூரிப்பு ஓடியது. இஸ்திரி அக்கா மட்டும் தலையைத் தூக்காமல் ஒரு சட்டைக் கையையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டீ நேரத்தில், முன்பின் பார்த்திராத ஒரு பெண் மூச்சிரைக்கப் படியேறி வந்து வாசலில் நின்றாள். சமையலைப் பாதியில் விட்டு வந்தவள்போல் கையெல்லாம் மாவு.

"காஜா போடுற அம்மா இங்கதானே வேலை செய்றாங்க? அவங்க குடியிருக்கிற மாடிக்குக் கீழ் வீடு எங்களுது. தண்ணி வழியுதேன்னு மேல போய்ப் பார்த்தோம். குழாய் திறந்தபடி கிடக்கு, அவங்க கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவுல கிடக்காங்க. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கு. வீட்ல வேற யாரும் இல்ல, அதான் இங்க ஓடி வந்தேன்."

"வேற யாரும் இல்லன்னா, அவ புருஷன்?" என்றாள் முதலாளி.

அந்தப் பெண் இவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அவரை விட்டுட்டு வந்துதானே மேல குடியேறினாங்க. வருஷத்துக்கு மேல ஆச்சே. தனியாத்தான் இருக்காங்க. உங்களுக்குத் தெரியாதா?"



முதலாளியும் இஸ்திரி அக்காவும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். சாதாரணச் சளிக்காய்ச்சலாக ஆரம்பித்தது நெஞ்சுக்குள் இறங்கி, இரண்டு பக்க நுரையீரலும் அடைத்துக்கொண்டதாம். நர்ஸ் கையில் பேனாவோடு வந்தாள். நீங்க அவங்களுக்கு என்ன வேணும் என்றாள். கூட வேலை செய்கிறவர்கள் என்றார்கள். "சரி, அவங்களுக்கு என்ன வயசு? சர்க்கரை, ரத்த அழுத்தம் ஏதாவது உண்டா? எந்த மருந்தாவது ஒத்துக்காதா? பிள்ளைங்க இருக்காங்களா, யாருக்குச் சொல்லணும்?"

ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். இத்தனை வருஷம் ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார்ந்தவள். அவள் டீயில் எவ்வளவு சர்க்கரை போடுவாள் என்று தெரியும், அவள் உடம்பில் சர்க்கரை இருக்கிறதா என்று தெரியாது. நர்ஸ் பொறுமையிழந்து, "ஒண்ணுமே தெரியாம எப்படிங்க கூட வேலை செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

சாயங்காலம் உள்ளே விட்டார்கள். காஜா விழித்திருந்தாள். மூக்கில் குழாய், உதடெல்லாம் வெடித்திருந்தது. முதலாளி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன ஆச்சு உனக்கு? ஏன் ஒரு வார்த்தை சொல்லல?"

காஜாவின் கண்ணில் பழைய குறும்பு ஒரு நொடி வந்துபோனது. "முதலாளி, சட்டத்தை நீங்களே மீறலாமா?" என்றாள்.

இஸ்திரி அக்கா சிரித்தாள், உடனே வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். காஜா விட்டுவிட்டுப் பேசினாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நின்று மூச்சு வாங்கிக்கொண்டாள்.

"மொதல்ல நல்லாதான் இருந்துச்சு. தூங்கினேன். ஒருத்தரும் தொந்தரவு பண்ணல. அப்புறம் பார்த்தா எந்திரிக்க முடியல. போன் மேசை மேல. எட்டல. ஒரு தடவை அடிச்சுது. எழுந்திருக்கறதுக்குள்ள நின்னுபோச்சு. நீங்கதான்னு நினைச்சேன். மறுபடி அடிப்பீங்க, எடுக்கலைன்னா வந்து பார்ப்பீங்கன்னு கதவையே பார்த்துட்டு இருந்தேன்."

"அப்புறம்?"

"அப்புறம் அடிக்கல. அதுக்காக ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. சட்டத்துக்கு மொதல்ல எழுந்து நின்னவளே நான்தானே."

இவர்கள்தான் போன் அடித்தார்கள் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்ததை அவர்கள் மாற்றவில்லை. எப்படி மாற்றுவார்கள்? முதலாளி தலையை மட்டும் ஆட்டினாள். இன்னும் கொஞ்சம் முன்னாலேயே கொண்டுவந்திருக்கலாம் என்று டாக்டர் வராந்தாவில் வைத்துச் சொன்னார். அவர் எல்லாரிடமும் சொல்கிற வாக்கியமாகவும் இருக்கலாம். விடிவதற்குள் காஜா போய்விட்டாள்.

கீழ் வீட்டுப் பெண் காஜாவின் போனை எடுத்துச் சார்ஜ் போட்டுப் பார்த்ததில்தான் அவளுக்கு ஒரு மகள் இருப்பது தெரிந்தது. வேறு ஊரில் வேலையில் இருக்கிறவள். வந்தாள். அம்மாவின் அதே ஒடிசல், அதே மூக்கு. ஆனால் அந்த வாய் இல்லை, பேச்சே இல்லை. புருஷன் வரவில்லை. காரியங்களை எல்லாம் தையல்கூடத்துப் பெண்களே கூட நின்று முடித்தார்கள். எல்லாம் முடிந்து இரண்டு நாள் கழித்து, அம்மா உட்கார்ந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்று மகள் படியேறி வந்தாள்.

மெஷின்கள் நின்றன. யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவள் உட்காரவில்லை. மெஷினை வெறும் கையால் தடவிப் பார்த்தாள். பிறகு யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா வரலைன்னதும் யாராவது போன் பண்ணீங்களா?"

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருக்கலாம். வழி கேட்பதுபோல் கேட்டாள்.

இஸ்திரி அக்கா முந்திக்கொண்டாள். "இல்லம்மா, நாங்க எல்லாருமே..."

"அவங்க பண்ணணும்னாங்க" என்று குறுக்கே வந்தாள் முதலாளி. "கையில போனை எடுத்துட்டாங்க. நான்தான் வேண்டாம்னு உள்ள வைக்கச் சொன்னேன்."

மகள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "ஏன்?"

அதற்குப் பதில் முதலாளியிடம் தயாராக இருந்தது. மாணவிகளுக்குச் சொன்னது, பத்திரிகைக்காரர்களுக்குச் சொன்னது, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தங்குதடையில்லாமல் சொல்லக்கூடியது. வாயைத் திறந்தாள். மேலாளர் மேசை, வரிசை, சிரித்த ஆண்கள், எல்லாம் ஞாபகத்துக்கு வந்தன. எதையும் சொல்லப் பிடிக்கவில்லை. அதையெல்லாம் இந்தப் பெண்ணிடம் சொன்னால் அது சாக்குப்போக்காகிவிடும்.

"தப்புப் பண்ணிட்டேம்மா" என்றாள். "வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

மகள் அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அம்மா எப்பப் பேசினாலும் இந்த இடத்தைப் பத்திதான் பேசுவாங்க. இங்க என்னை யாரும் ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்கடி, அதுவே எனக்குப் பாதி ஆயுசைத் திருப்பிக் குடுத்த மாதிரி இருக்குன்னு சொல்வாங்க. அப்பா ஒரு நாளைக்கு எத்தனை தடவை போன் போட்டு எங்க இருக்க, எங்க இருக்கன்னு கேப்பாருன்னு எனக்குத் தெரியும். நானும் அவரை மாதிரி ஆயிடக் கூடாதுன்னு நினைச்சேன். அந்த வாரம் ஒரு தடவை அடிச்சேன். எடுக்கல. சரி, தொந்தரவு பண்ண வேண்டாம், அவங்களா கூப்பிடுவாங்கன்னு விட்டுட்டேன்."

அவள் குரல் அதோடு நின்றது. பாயில் படுத்திருந்த குழந்தை புரண்டு படுத்தது.

"நான் அடிச்சது அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்குமா?" என்று கேட்டாள் மகள். "ஆஸ்பத்திரியில ஏதாவது சொன்னாங்களா?"

இஸ்திரி அக்கா முதலாளியைப் பார்த்தாள். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் அவர்கள் இருவர்தான். காஜா எழுந்திருப்பதற்குள் நின்றுபோன போன் யாருடையது என்று இப்போதுதான் முதலாளிக்குத் தெரிந்தது. காஜா கதவையே பார்த்துக்கொண்டிருந்தது இவர்களுக்காக. அந்தப் பழி முழுக்க இவர்கள்மேல்தான் இருந்தது. அது அங்கேயே இருக்கட்டும், இந்தப் பிள்ளைக்கு இதில் ஒரு துளிகூடப் போகக் கூடாது.

"இல்லம்மா. நீ அடிச்சப்போ நல்லாத் தூங்கிட்டு இருந்திருப்பா. மொதல்ல நல்லாத் தூங்கினேன்னுதான் சொன்னா" என்றாள்.

இஸ்திரி அக்காவும் ஆமாம் என்பதுபோல் தலையை ஆட்டினாள்.

மகள் அப்போதுதான் அழுதாள். ஊரிலிருந்து வந்ததிலிருந்து அழாதவள், அம்மாவின் மெஷின்மேல் தலையைச் சாய்த்து, தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். ஒருத்தி முதுகைத் தடவினாள், ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். முதலாளி மட்டும் கை தொங்கியபடி நின்றாள். இவளைத் தொட எனக்கு என்ன தகுதி என்று நினைத்தாள். அப்புறம் அந்த நினைப்பையும் ஒதுக்கித் தள்ளிவிட்டு, பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"ஊர்ல யார்கூட இருக்கம்மா?"

"ஹாஸ்டல்ல."

"கூட யாராவது இருக்காங்களா ரூம்ல?"

"இருந்தா. அவ வேலை மாறிப் போயிட்டா. இப்ப நான் மட்டும்தான்."

"ஒழுங்காச் சாப்பிடறியா? உடம்புக்கு ஏதாவது உண்டா? ஏதாவது மாத்திரை சாப்பிடறியா?"

மகள் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். சின்ன வயதிலிருந்தே மூச்சிரைப்பு உண்டு, அது அம்மாவிடமிருந்து வந்தது என்றாள். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருந்ததை அந்த அறையில் இருந்தவர்கள் அன்றைக்குத்தான் கேள்விப்பட்டார்கள்.

சாயங்கால பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. மகள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். படி வரைக்கும் முதலாளி கூட வந்தாள். கேட்கலாமா என்று தெரியாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், பிறகு கேட்டாள்.

"நாளைக்குக் காலையில போன் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க."

"எடுக்கலைன்னா?"

இரண்டு படி இறங்கியிருந்த மகள் நின்று திரும்பினாள்.

"திரும்பப் பண்ணுங்க" என்றாள். "அப்பவும் எடுக்கலைன்னா, கிளம்பி வந்துடுங்க."